எங்கட ஊர்ல ஒண்டுமே நடக்கல்லையா டீச்சர்?

கொஞ்சம் நீளமான பதிவு. மழை நாள்தானே, ஒரு பிளேன்டீயை வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

கச்சான் காற்று ஓய்ந்து வாடை எடுத்துவிட்டது. கிழக்கில் இருப்பவர்களுக்கு இது என்ன மாதம் என்று சொல்ல இந்த ஒரு வரி போதும். மாதக்கணக்கில் மேற்கிலிருந்து அனலாக அடித்து உதட்டையும் வயலையும் வெடிக்க வைத்த காற்று போய், இப்போது வடகிழக்கிலிருந்து ஈரத்தோடு வருகிறது. வட்டையில் புழுதி விதைப்பு முடிந்துவிட்டது. விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடலுக்குப் போகிறவர்கள் தோணிகளை மேட்டுக்கு இழுத்து வைத்துவிட்டார்கள். சந்தையில் மீன் விலையைக் கேட்டால் பருப்புக்கறி தானாகவே ருசிக்கத் தொடங்கும்.

வீட்டில் என்றால் காயாத துணி. பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை கொடியில் இரண்டு நாள் கிடந்து, மூன்றாம் நாள் அயன் பெட்டியில்தான் காய்கிறது. சப்பாத்து குளிர்சாதனப் பெட்டியின் பின்னால். காலையில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டச் சம்பலும். பாடசாலையில் வரவுப் பதிவேட்டில் பாதிக் கட்டங்களில்தான் வரவு. வந்த பிள்ளைகளும் கூரை ஒழுகாத பக்கமாக வாங்கை நகர்த்தி, ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு இருப்பார்கள்.

போன கிழமை என் மகள் ஆங்கிலப் புத்தகத்தோடு வந்தாள். நான்கு பருவங்கள் பற்றிய பாடம். சிவப்பும் மஞ்சளுமாக இலை உதிர்ந்து கிடக்கும் ஒரு படம்.

“உம்மா, ஓட்டம் எண்டா ஓடுற காலமா?”

அந்த நேரம் பார்த்து மழை இறங்க, நாங்கள் இரண்டு பேரும் கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடினோம். அவளுக்கு விளக்கம் கிடைத்துவிட்டது!

இலையுதிர் காலம் எங்களுக்கு இல்லை என்றுதான் நாமும் படித்தோம். ஆனால் தமிழில் ஆண்டை ஆறாகப் பிரித்தவர்கள் ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: கூதிர். கார்காலம் முடிந்து முன்பனி தொடங்கும் முன் வருகிற குளிர்ந்த மழைக்காலம். தொல்காப்பியத்திலேயே இருக்கிற சொல். புத்தகச் சொல் என்று தள்ளிவிட வேண்டாம். விடியற்காலையில் போர்வையை இழுத்துக்கொண்டு “கூதலடிக்கிது” என்கிறோமே, அந்தக் கூதலின் உறவுக்காரன்தான் இந்தக் கூதிர். இரண்டாயிரம் வருடத்துக் கூதலைத்தான் எங்கள் பிள்ளைகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

வேறு நாட்டு இலையுதிர் காலம் எங்கள் ஊருக்கு இன்னொரு வழியிலும் வருகிறது. செப்டெம்பர், ஒக்டோபரில் ஆறுமணிக்குருவி வந்து இறங்கும். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர் தொடங்க முன் இங்கே வருகிற சின்னப் பறவை. பச்சை முதுகு, வயிற்றின் அடியில் சிவப்பு. காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டிக் கூவுவதால் அந்தப் பெயர். பறந்து வந்த களைப்பில் சில நேரம் வீட்டு விறாந்தையிலேயே விழுந்து கிடக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் பூனையிடமிருந்து காப்பாற்றி, ஓர் அட்டைப் பெட்டியில் இருட்டாக, அமைதியாகக் கொஞ்ச நேரம் வையுங்கள். பெரும்பாலும் தானாகவே தேறிப் பறந்துவிடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் ஒரு விரிவுரையாளர் சொல்லித் தந்த பழக்கம் ஒன்று என்னிடம் இருக்கிறது. வகுப்பு வாசலில் ஒரு சின்னப் பலகை. தலைப்பு, ‘இன்றைய நாளில்’. அந்தத் திகதியில் உலகில் நடந்த ஒன்றை ஒவ்வொரு காலையும் இரண்டு வரியில் எழுத வேண்டும். வரலாறு படிப்பிக்கிற எனக்கு இது பாடத்தை விடப் பிடித்த வேலை.

ஒக்டோபர் இதற்கு நல்ல மாதம். பெயரிலேயே கதை இருக்கிறது. ‘ஒக்டோ’ என்றால் இலத்தீனில் எட்டு. பத்தாம் மாதத்துக்கு ஏன் எட்டு என்று பெயர்? பழைய ரோமர்களின் ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. தொடக்கம் ஜனவரிக்குப் போன பிறகும் பெயரை யாரும் மாற்றவில்லை. 4 ஆம் திகதி, 1957 இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவிய நாள். மனிதன் செய்த முதல் செயற்கைக்கோள், 83.6 கிலோ. “எங்கட வாப்பாட நிறைதான் டீச்சர்” என்றான் ஒருவன். 5 ஆம் திகதி உலக ஆசிரியர் தினம், இலங்கையில் மட்டும் 6 ஆம் திகதி. அன்றைக்கு எனக்குக் கிடைத்த பேனைகள் அடுத்த ஒக்டோபர் வரை போதும்.

பிள்ளைகளை அதிகம் மயக்கியது 1582. அந்த வருடம் இத்தாலி, ஸ்பெயின், போர்த்துக்கல், போலந்து மக்கள் ஒக்டோபர் 4, வியாழக்கிழமை இரவு படுத்து, மறுநாள் வெள்ளிக்கிழமை எழும்பும்போது திகதி ஒக்டோபர் 15! பழைய ஜூலியன் நாட்காட்டி சூரியனோடு பத்து நாள் பிசகிவிட்டதால், பாப்பரசர் பதின்மூன்றாம் கிரெகரி அந்தப் பத்து நாளைத் தூக்கிவிட்டார். 1582 ஒக்டோபர் 10 இல் ஸ்பெயினில் பிறந்த ஒருவர்கூட இல்லை. “அப்ப அந்தப் பத்து நாள் சம்பளம்?” என்று கேட்ட பிள்ளை எதிர்காலத்தில் கட்டாயம் தொழிற்சங்கத்தில் இருக்கும்.

கொலம்பஸ், ஸ்புட்னிக், பாப்பரசர், நவம்பர் வந்தால் பேர்லின் சுவர். இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தரம் 8 இல் ஒரு பிள்ளை, அதிகம் வாய் திறக்காதவள், பலகையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“எல்லாம் வெளிநாடுதானே டீச்சர். எங்கட ஊர்ல ஒண்டுமே நடக்கல்லையா?”

குறும்பாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். உலகம் என்பது வேறெங்கோ நடக்கிறது, நாங்கள் அதை வாசிக்கப் பிறந்தவர்கள் என்று பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளை நினைத்தால், அது எங்கள் பலகையின் சங்கதி மட்டுமில்லை. எங்கள் வீடுகளில் பேசாமல் விட்டவற்றின் சங்கதியும்தான்.

அன்று பின்னேரம் மூத்தம்மாவிடம் போனேன். மழைக்காலத்தில் நடந்தவற்றில் அவவுக்கு மறக்காதது எது என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை.

“சூறாவளிதான். கார்த்திகை பொறந்து ஒரு கெழம. ஹஜ்ஜுப் பெருநா முடிஞ்சி பத்துப் பன்னெண்டு நாள். வெள்ளி ராவு.”

ஆங்கில மாதமும் இல்லை, வருடமும் இல்லை. மறுநாள் இந்த மூன்று துப்புகளையும் அப்படியே கரும்பலகையில் எழுதி, “இது எந்த நாள், கண்டுபிடியுங்கள்” என்று தரம் 8 இடம் விட்டேன்.

எங்கள் வீடுகளில் மூன்று நாட்காட்டிகள் ஓடுகின்றன என்பதை அன்றுதான் பிள்ளைகள் கவனித்தார்கள். பாடசாலைக்கும் சம்பளத்துக்கும் ஆங்கில மாதம். வயலுக்கும் மழைக்கும் ஐப்பசி, கார்த்திகை. நோன்புக்கும் பெருநாளுக்கும் பிறை. பிறை ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான். அதனால் நோன்பு வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து, ஏறத்தாழ 33 வருடத்தில் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வரும். நான் சிறுமியாக இருந்தபோது, 2001, 2002 இல், நோன்பு நவம்பர் மழையில் வந்தது. தாகமே தெரியாத நோன்பு. இப்போதைய பிள்ளைகள் அதைக் கண்டதே இல்லை.

சூறாவளி 1978 இல் என்பது ஒருவனுக்கு அவன் வாப்பா சொல்லித் தெரிந்திருந்தது. கார்த்திகை நவம்பர் நடுப்பகுதியில் பிறக்கும், அதனால் ஒரு கிழமை கழித்து 22, 23. அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் நவம்பர் 11 ஐ ஒட்டி வந்ததைத் தொலைபேசியில் பார்த்துச் சொன்னேன். பன்னிரண்டைக் கூட்டினால் 23. எல்லாம் பொருந்தியது. ஆனால் வகுப்புத் தலைவி குறுக்கிட்டாள். “1978 நவம்பர் 23 வியாழக்கிழம டீச்சர். ஒங்கட மூத்தம்மா வெள்ளி எண்டு சொல்லியிருக்காவே!”

கடைசி வாங்கிலிருந்து பதில் வந்தது. “வியாழன் மஃரிபோட வெள்ளி ராவுதானே!”

அதுதான் சரி. எங்கள் கணக்கில் இரவு முதலில், பகல் பிறகு. வியாழன் சூரியன் மறைந்தால் வெள்ளி இரவு. எழுதப் படிக்கத் தெரியாத மூத்தம்மா மூன்று நாட்காட்டிகளிலும் ஒரே இரவைச் சரியாகச் சுட்டிக் காட்டியிருந்தா.

1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைத் தாக்கியது அந்தச் சூறாவளி. 900 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டரை இலட்சம் வீடுகள் சேதமாகின. மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னையில் பத்தில் ஒன்பது பங்கு சாய்ந்தது. அதற்கு ஒரு பெயரும் இல்லை. வங்காள விரிகுடாப் புயல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் 2004 இல்தான் வந்தது. எங்கள் சனத்துக்குப் பெயரும் தேவைப்படவில்லை. ‘சூறாவளி’ என்றாலே அது ஒன்றுதான். வயதைக் கேட்டாலும் “சூறாவளிக்கு முந்திப் பொறந்தவன்” என்றுதான் பதில் வரும்.

மூத்தம்மா அப்போது மட்டக்களப்புக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் கிடுகு வீட்டில் இருந்தா. கூரை போனதும் கைக்குழந்தையோடு பக்கத்துக் கல்வீட்டுக்கு ஓடியிருக்கிறா. முப்பது பேருக்கு மேல் ஓர் அறைக்குள். வடக்கால் அடித்த காற்று நடுச்சாமத்தில் திடீரென்று அடங்கியது. அல்ஹம்துலில்லாஹ் என்று ஆம்பிளைகள் கதவைத் திறந்து வெளியே போகப் பார்த்தார்கள். அங்கே ஒரு கிழவர் இருந்தார், கடலுக்குப் போகிறவர். கதவை மறித்து நின்றாராம்.

“ஒருத்தரும் போவாதீங்க. இது திரும்பி வரும்.”

அரை மணி கழித்துத் தெற்கால் அடித்தது, முதல் அடித்ததை விடப் பலமாக.

இதைப் பிள்ளைகளோடு படம் கீறிப் பார்த்தோம். வடகோளத்தில் சூறாவளி இடஞ்சுழியாகச் சுற்றும். கிழக்கிலிருந்து மேற்காக எங்களைக் கடந்து போனால், அதன் முன்பக்கத்தில் காற்று வடக்கிலிருந்து. நடுவில் ‘கண்’, அங்கே அமைதி. கண் தாண்டினால் காற்று தெற்கிலிருந்து. மூத்தம்மா சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. அந்தக் கிழவர் எந்தப் புத்தகமும் படித்தவரில்லை. அவருக்கு முன்னே இருந்த யாரோ, யாருக்கோ நடந்ததைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்தான் முப்பது பேரையும் உள்ளே வைத்தது. அந்தக் கைக்குழந்தை என் உம்மா.

ஒரு திகதி எப்போது தகவலாக இருக்கிறது, எப்போது உயிராகிறது என்பதை இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியாது.

அதற்குப் பிறகு பிள்ளைகள் வீட்டிலிருந்து திகதி கொண்டு வரத் தொடங்கினார்கள். நானும் பழைய புத்தகங்களைப் புரட்டினேன். 1659 நவம்பரில் இதே வங்காள விரிகுடாவில், மசூலிப்பட்டினத்தில், ஒரு புயலில் ஆங்கிலக் கப்பல் ஒன்று தன் பாய்மரத்தை இழந்தது. அதைச் சரிசெய்ய வந்து சேர்ந்த இடம் எங்கள் மூதூருக்குப் பக்கத்துக் கொட்டியாரக் குடா. அதில் இருந்த இளைஞன் றொபர்ட் நொக்ஸ் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, பத்தொன்பது வருடம் கழித்து, 1679 ஒக்டோபரில் மன்னார்ப் பக்கம் அரிப்புக் கோட்டைக்குத் தப்பிப் போனார். 1681 இல் இலங்கை பற்றி எழுதிய புத்தகத்தால் இன்றும் அறியப்படுகிறார். ஒரு வாடைக்காலப் புயல் இல்லாவிட்டால் அந்தப் புத்தகமே இல்லை. மூதூரில் மாமி வீடு இருக்கிற பையன் இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான்.

எல்லாத் திகதியும் அப்படி நெஞ்சை நிமிர்த்துவதில்லை. ஒரு பிள்ளை கொண்டு வந்த தாளில் இருந்தது: 1990 ஒக்டோபர் 30. அவளுடைய உம்மா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர், புத்தளத்தில் வளர்ந்து, கலியாணம் முடித்துக் கிழக்குக்கு வந்தவர். இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரை விட்டுப் போகச் சொல்லப்பட்டபோது அவருக்குப் பதினொரு வயது. மகளிடம் அவர் சொல்லி அனுப்பியது வீட்டையோ நகையையோ பற்றி இல்லை. பக்கத்து வீட்டுத் தமிழ்த் தோழியிடம் அன்றைக்கு முதல் நாள் இரவல் வாங்கிய கணக்குக் கொப்பியைப் பற்றி. திருப்பிக் கொடுக்கவில்லையாம். அந்தப் பிள்ளைக்கு அடுத்த நாள் ஆசிரியர் ஏசியிருப்பாரோ என்று இன்றைக்கும் நினைப்பாராம்.

இதைப் பலகையில் எழுதலாமா என்று ஓய்வறையில் பேச்சு வந்தது. “பழசக் கிளறாதீங்க டீச்சர்” என்றார்கள் சிலர். அவர்கள் கவலை எனக்கு விளங்காமல் இல்லை. எங்கள் பாடசாலையில் தமிழ் ஆசிரியர்களும் படிப்பிக்கிறார்கள். ஆனால் கொலம்பஸுக்கு இடமிருக்கிற பலகையில் எங்கள் பிள்ளையின் உம்மாவுக்கு இடமில்லை என்று அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது? இரண்டு வரிதான் எழுதினேன். “1990 ஒக்டோபர் 30: யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அந்த மாதத்தில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000 க்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர்.” நடந்தது, செய்தவர், பட்டவர். அதற்கு மேல் ஓர் அடைமொழியும் இல்லை. கீழே அந்தப் பிள்ளை தன் கையெழுத்தில் கணக்குக் கொப்பியைப் பற்றி எழுதினாள்.

இடைவேளையில் எங்கள் விஞ்ஞான ஆசிரியை, தமிழ்ப் பெண், அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்து, “என்ர வீட்டுத் திகதி ஓகஸ்டில வருது மிஸ்” என்றார். அதே 1990. நான் தலையாட்டினேன். ஓகஸ்ட் பக்கத்தில் அவருக்கு இடம் வைத்திருக்கிறோம்.

இன்னொரு திகதி யாரும் கொண்டு வரவேண்டியிருக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். 2024 நவம்பர் 26. பின்னர் ஃபெங்கல் என்று பெயர் பெற்ற தாழமுக்கத்தின் மழை. காரைதீவு மாவடிப்பள்ளியில் வீதியைக் குறுக்கறுத்துப் பாய்ந்த வெள்ளத்தில், வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் கவிழ்ந்தது. பிள்ளைகளை இழந்தோம். அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக.

அந்தத் திகதியை எழுதுவதற்குப் பதிலாக நாங்கள் ஒரு வேலை தொடங்கினோம். பக்கம் நேரான ஒரு பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டி, தலைகீழாகப் புனல் போல வைத்து, பக்கத்தில் அடிமட்டத்தை ஒட்டி, மைதானத்தின் வெட்டையில் வைத்தோம். தினமும் காலை 8.30 க்கு அளவு. வளிமண்டலவியல் திணைக்களமும் அந்த நேரத்தில்தான் கணக்கெடுக்கிறது. வானொலியில் “100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பலத்த மழை” என்று சொன்னால் அது எவ்வளவு தண்ணீர் என்று இப்போது என் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒரு மில்லிமீற்றர் என்றால் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர். 120 சதுர மீற்றர் உள்ள எங்கள் வகுப்பறைக் கூரையில் மட்டும் 12,000 லீற்றர். அப்படியானால் மேற்கே இருக்கிற வயல் வட்டைகள், காடு, மலை எல்லாவற்றிலும் விழுந்தது ஒன்றுசேர்ந்து வந்தால்? இந்த இடத்தில் வகுப்பு அமைதியானது.

அவர்களை எழுதி வைக்கச் சொன்ன மூன்று வரியை உங்களுக்கும் தருகிறேன். வேகமாக ஓடும் தண்ணீர் கணுக்காலுக்குச் சற்று மேலே இருந்தாலே பெரியவர் ஒருவரைச் சரித்துவிடும். ஓர் அடித் தண்ணீர் சின்னக் காரை மிதக்க வைக்கும், இரண்டடி பெரும்பாலான வாகனங்களை இழுத்துப் போகும். வீதிக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால், வீதி கீழே இருக்கிறதா என்றே தெரியாது, அதனால் திரும்பி விடுங்கள். நேரம் போனாலும் பரவாயில்லை.

நட்புகளே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சூறாவளியைப் பெரியவர்களாகக் கண்டவர்கள் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். இன்னும் சில மாரிக்குப் பிறகு கேட்க ஆளிருக்காது. இந்த மழை நாட்களில் மின்சாரம் போன ஓர் இரவில், தொலைபேசியை வைத்துவிட்டு அவர்கள் பக்கத்தில் இருங்கள். வருடத்தைக் கேட்காதீர்கள். என்ன மாதம், எந்தப் பெருநாளுக்குப் பிறகு, வயல் எப்படி இருந்தது, யார் கதவை மறித்தது என்று கேளுங்கள். திகதியை நாங்கள் கண்டுபிடித்துக்கொள்வோம். கேட்டதைக் கீழே எழுதிவிடுங்கள், எந்த ஊராக இருந்தாலும். பலகையில் இன்னும் நிறைய நாட்கள் காலியாகக் கிடக்கின்றன.

இன்று காலை 8.30 க்கு எங்கள் போத்தலில் 14 மில்லிமீற்றர். நாளைக்கு அளப்பது தரம் 7.